குதிரை, ராக்கெட், பபூன்: விண்வெளிக் கௌபாய் கதை எங்களிடம் ஏன் கவிழ்ந்தது?

தெப்பக்குளத்தான்:

வணக்கம். படம் பற்றிய கேள்வி போலத் தொடங்கி, சொந்தப் புலம்பலில் முடியப்போகும் பதிவு இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994இல் வந்த 'அப்ளிவியன்' என்ற அமெரிக்கப் படத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2013இல் டாம் குரூஸ் நடித்து அதே பெயரில் வந்தது வேறு, அதைச் சொல்லவில்லை. இந்தக் கதை 3031ஆம் ஆண்டில் வேற்றுக்கோள் ஒன்றில் நடக்கிறது. ஆனால் ஊரைப் பார்த்தால் பழைய கௌபாய் ஊர்தான். பலகை நடைபாதை, சாராயக்கடை, ஷெரீப், சவப்பெட்டிக்காரர் என்று ஒன்றும் குறைவில்லை. பல்லி முகத்துடன் வரும் கொள்ளைக்காரன் ஷெரீப்பைக் கொன்றுவிட்டு ஊரைப் பிடித்துக்கொள்கிறான். ஷெரீப்பின் மகன் பழிவாங்கத் தயங்குகிறான். கோழை என்பதால் அல்ல, எதிரே நிற்பவரின் வலி அப்படியே அவன் உடம்பில் ஏறிவிடும் என்பதால். துணை ஷெரீப் பாதி இயந்திரமான ஒரு பெண். சவப்பெட்டிக்காரர், ஆள் சாவதற்கு முன்பே வந்து நின்றுவிடுவார். குடிகார டாக்டராக ஜார்ஜ் டகேய் வருகிறார். சாராயக்கடைக்காரியாக, பழைய தொலைக்காட்சி பேட்மேனில் பூனைப்பெண்ணாக வந்த ஜூலி நியூமர், இங்கேயும் பூனை போலவே நெளிகிறார். திரைக்கதை எழுதியவர் காமிக்ஸ் எழுத்தாளர் பீட்டர் டேவிட். ருமேனியாவில் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே எடுத்து, அதை 1996இல் வெளியிட்டிருக்கிறார்கள். ராட்சதத் தேள்கள் பொம்மை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இருந்தும் இரண்டு முறை பார்த்தேன்.

பார்த்த வேகத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இதே பாணியில் ஒரு நாடகம் எழுதினோம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் விழா மேடையில் 25 நிமிடம் தந்தார்கள். விண்வெளிக் கவசத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனை அறுத்துக் கவிழ்த்துக்கொண்டோம். குதிரை, சாக்குக்குள் இரண்டு தம்பிகள். ஒரு வரி விடாமல் நகைச்சுவை. எட்டாவது நிமிடத்தில் கூட்டம் பஞ்சுமிட்டாய் வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

காலத்தையும் கதைவகையையும் கலப்பது நம் ஊருக்கு ஒத்துவராதா, அல்லது எங்களுக்குத்தான் வரவில்லையா?

பழைய ரீல்:

தம்பி, ஊர் மேல் பழி போடாதே. எனக்கு வயது எழுபத்தொன்று. மதுரை மேலவெளி வீதி விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் புத்தகம் படித்துவிட்டு, மாலையில் அதே கட்டடம் ரீகல் கொட்டகையாக மாறியதும் ஆங்கிலப் படம் பார்த்தவன் நான். பாதிப் பேருக்கு வசனம் புரியாது. துப்பாக்கியை எப்போது உருவுவான் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. 1972இல் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் 'கங்கா'வில் தொப்பியும் குதிரையுமாக வந்தபோது, தமிழ்நாட்டில் ஏது கௌபாய் என்று ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. 2010இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். அது நன்றிக்கடன்.

விண்வெளியும் புதிதல்ல. 1963இல் 'கலை அரசி'. வேற்றுக்கோளில் எல்லாம் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. ஆகவே பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர். அங்கே போய் மீட்கிறார். யோசித்துப் பார், இதைவிடத் துணிந்த கலப்பு உண்டா? அதற்கும் முன்னால் 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில் நம் யானைகளுக்கு முடிப்போர்வை போர்த்தி, பனியுக யானை என்று காட்டினார்கள். அந்த யானைகளுக்கு எப்படி வேர்த்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

கலப்பு எங்களுக்குப் பழக்கம். உங்கள் சரக்கில்தான் கோளாறு.

நாகமலைக்காற்று:

அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. விண்வெளியில் துப்பாக்கி வெடிக்காது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வெடிக்கும். எரியத் தேவையான ஆக்சிஜன் வெடிமருந்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய கருமருந்தில் வெடியுப்பு அந்த வேலையைச் செய்கிறது. சத்தம்தான் கேட்காது. சுட்டவர் பின்னால் மிதந்து போவார், பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருப்பார். கௌபாய்ச் சண்டைக்கு இதைவிட நல்ல நகைச்சுவை வேண்டுமா? திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

மேலூர் மருமகள்:

தெப்பக்குளத்தான் தம்பி, அந்த நாடகத்தை நான் பார்த்தேன். மூன்றாவது வரிசை. என் நாத்தனார் பிள்ளைதான் சாக்கின் பின்பாதி.

மனம் நோகாமல் கேளுங்கள். முதலில் கேன். நீங்கள் பேசப் பேச உள்ளே ஆவி படிந்து முகமே தெரியவில்லை. யார் பேசுகிறார் என்று தெரியாமல் எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக்கூட மன்னித்திருப்பார்கள். குதிரை நடுவில் பிரிந்தபோது நன்றாகவே சிரித்தார்கள். கெட்டது எங்கே என்றால், அந்த அப்பா சாகிற இடத்தில். கொள்ளைக்காரன் சுட்டு அப்பா விழுகிறார். அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் அமைதியாகிவிட்டது. நான் கவனித்தேன், கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா தலையைத் தூக்கி, ரேஷன் அட்டை பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். மகனாக நடித்தவரும் சேர்ந்து சிரித்தார்.

முன்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உரலை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். "செத்தவனே சிரிக்கிறான், நமக்கென்ன வந்தது" என்றார். அவர் பின்னால் அந்த வரிசையே எழுந்தது. பஞ்சுமிட்டாய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெப்பக்குளத்தான்:

அக்கா, அது நீங்களா? மேடையிலிருந்து எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஆவிதான் தெரிந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கேலிப் படம் என்றால் எல்லாமே கேலிதானே? ஒரு காட்சியில் மட்டும் அழவைத்தால் சுருதி பிசகாதா?

ஆர்மோனியப் பெட்டி:

சுருதி என்ற சொல்லைப் பார்த்ததால் உள்ளே வருகிறேன். மூன்று தலைமுறையாக ஸ்பெஷல் நாடகக் குடும்பம். என் அப்பா பபூன், அதாவது மேடைக் கோமாளி. நான் வாத்தியப் பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவர் எழுதிவைத்த 'வள்ளி திருமணம்' இன்றும் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று இரவு அந்த மேடையில்தான் பல நேரம் சந்தித்துக்கொள்வார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நின்றுவிடாது.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். பபூன் முதலில் வருவார். கைப்பேசி ரீசார்ஜ், நகராட்சித் தண்ணீர், மாமியார் வீடு, அந்த வாரம் வந்த படம் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு அடிப்பார். பிறகு டான்ஸ் பெண்ணோடு வம்பு. நானே ஆர்மோனியத்தில் சினிமாப் பாட்டைச் சொருகுவேன். நள்ளிரவு தாண்டினால் அதே பலகையில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள், ஆலோலம் பாடுகிறாள், நாரதர் தர்க்கம் செய்கிறார். பத்து மணிக்கு இந்த ஆண்டு, ஒரு மணிக்குப் புராணம். நடுவில் சோடா குடிக்கும் நேரம்தான் இடைவெளி. ஒரு குழந்தைகூடக் குழம்பியதில்லை. கலப்பு ஒத்துவராதா என்று மதுரைக்காரர் கேட்கலாமா?

அப்பா ஒன்று சொல்வார். பபூன் எதை வேண்டுமானாலும் சிரிக்கவைக்கலாம், ராஜபார்ட் மட்டும் சிரிக்கக் கூடாது. முருகன் கிழவன் வேடத்தில் வந்து வள்ளியிடம் தடுமாறும் இடம் நல்ல சிரிப்புதான். ஆனால் வள்ளி சிரிக்க மாட்டாள். அவளுக்கு அவர் நிஜமாகவே தள்ளாடும் கிழவர். அவள் நம்பினால்தான் நமக்குச் சிரிப்பு வரும். சிவகங்கைப் பக்கம் ஒரு நாடகத்தில், அப்பா ஏதோ எடக்காகச் சொல்ல, ராஜபார்ட்டுக்குக் கட்டுப்பாடு போய்ச் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. அப்பாவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. வெள்ளைப்பொடி பூசிய முகத்திலும் எனக்கு அது தெரிந்தது. அதற்குப் பிறகு ராஜபார்ட் தன்னை வேலன் என்றபோது யாரும் வேலன் என்று பார்க்கவில்லை. விடியும்வரை அப்பா தனியாளாகக் கூட்டத்தைப் பிடித்துவைத்தார்.

நீங்கள் சொல்லும் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் எதிராளியின் வலி தன் உடம்பில் ஏறும் என்ற அந்த மகனை யாராவது கேலி செய்கிறார்களா?

தெப்பக்குளத்தான்:

இல்லை. சுற்றியிருக்கும் அத்தனை பேரும் கோமாளிகள், அவனுடைய வலி மட்டும் விளையாட்டு இல்லை.

ஆர்மோனியப் பெட்டி:

அவர்தான் ராஜபார்ட். உங்கள் நாடகத்தில் ஆறு பபூன்.

பழைய ரீல்:

பெட்டி ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என்னிடம் வேறு கணக்கு. ஆள் மட்டும் நிமிர்ந்து நின்றால் போதாது, கதைக்குள் ஒரு விதியும் வளையாமல் நிற்க வேண்டும்.

1990இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' மூன்றாம் பாகம். காலம் தாண்டும் கார் 1885க்குப் போய்விடுகிறது. எதிர்காலத்து எந்திரம், மின்னல், பறத்தல் என்று முந்தைய பாகங்களில் எதைச் சொன்னாலும் நம்பியாயிற்று. இப்போது எரிபொருள் குழாய் அறுந்து பெட்ரோல் ஒழுகிவிடுகிறது. 1885இல் பெட்ரோல் பங்க் கிடையாது. அவ்வளவுதான் கதை. மணிக்கு 88 மைல், அதாவது சுமார் 142 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் கார் காலம் தாண்டும். குதிரைகளைப் பூட்டி இழுக்கிறார்கள். சாராயத்தை ஊற்றிப் பார்த்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் நீராவி ரயில் எஞ்சினால் தள்ளுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் இல்லாத வறுமைதான் அத்தனை சிரிப்பையும் பெற்றெடுக்கிறது. நடுவில் ஒரு மாய மந்திரம் சொல்லிப் பெட்ரோல் வரவழைத்திருந்தால் படம் அங்கேயே படுத்திருக்கும்.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பையன் 1955இலிருந்து கிளம்பும்போது ஜிகினா வைத்த கௌபாய்ச் சட்டையைப் போட்டு அனுப்புகிறார்கள். நிஜ 1885ஆம் ஆண்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது 1955 கற்பனை செய்த 1885. எங்கள் ஜெய்சங்கரின் தொப்பியும் அந்த வகைதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிர், 1999இல் வந்த 'வைல்டு வைல்டு வெஸ்ட்'. பணம் கொட்டி இயந்திரச் சிலந்தி செய்தார்கள். எது முடியும், எது முடியாது என்றே தெரியாததால் எதற்கும் பதற்றம் வரவில்லை. அந்த ஆண்டின் மோசமான படத்துக்கான ராஸ்பெர்ரி விருது அதற்குப் போனது.

நாகமலைக்காற்று:

2011இல் 'கௌபாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்' வந்ததே? டேனியல் கிரேக்கும் ஹாரிசன் ஃபோர்டும் இருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. உங்கள் கணக்குப்படி அது பிரமாதமாக இருந்திருக்க வேண்டும்.

பழைய ரீல்:

அதில் எல்லோரும் ராஜபார்ட், பபூனே இல்லை. விடியும்வரை யார் விழித்திருப்பது?

58 கால்வாய்:

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அமெரிக்கக் கௌபாயையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கௌபாய் கதைக்கு என்ன வேண்டும்? மாடு, மாட்டுத் திருட்டு, காவல், சட்டம் எட்டாத ஊர். இதெல்லாம் எங்கள் பக்கத்துச் சரித்திரம். துப்புக்கூலி கேள்விப்பட்டிருப்பீர்கள். மாடு காணாமல் போகும். இரண்டு நாள் கழித்து ஒரு நடுவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து, மழை பற்றிப் பேசிவிட்டு, இன்ன தொகை தந்தால் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும் என்பார். கோபப்பட முடியாது, வழக்கும் போட முடியாது. அந்த நடுவரைவிடச் சிறந்த பபூன் பாத்திரத்தை ஹாலிவுட் இதுவரை எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் கேலி வேண்டாம். கௌபாய் படங்களில் மண்ணின் மைந்தர்களை ஒன்று வில்லனாக்குவார்கள், அல்லது கதாநாயகனுக்கு எடுபிடியாக்குவார்கள். வேற்றுக்கோளுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே போகிறது. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்று எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் பெயர்களை எங்கள் பக்கம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே பல்லி முகக் கொள்ளைக்காரனை எழுதுங்கள், பல்லி முகமுள்ள எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

மேலூர் மருமகள்:

நல்ல பேச்சு. கூடவே ஒரு வேண்டுகோள்: தயவு செய்து ஜல்லிக்கட்டுக் காளையை ராக்கெட்டில் ஏற்றாதீர்கள். மதுரை என்றால் முதலில் எல்லோருக்கும் அதுதான் தோன்றுகிறது.

தெப்பக்குளத்தான்:

அக்கா, முதல் பக்கத்திலேயே ஏற்றியிருந்தோம். இறக்கிவிட்டேன்.

நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். கீழக்குயில்குடிக்குப் போய் சமணர் மலை அடிவாரத்தில், அய்யனார் கோவில் ஆலமரத்தடியில் உட்கார்ந்துதான் எழுதினேன். தலைக்கு மேலே பாறையில் ஆயிரம் ஆண்டு பழைய தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே அய்யனாரின் குதிரைகள், தாமரைக்குளக் கரையில் கல்யாண ஜோடியைப் படம் எடுக்கப் பறக்கவிட்ட டிரோன். காலத்தைக் கலக்க நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கதை இப்படி. ஆண்டு 2999. அந்தக் கோளில் எல்லாம் உண்டு, தண்ணீர் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, அழகர் இறங்குவதற்கு வைகை அணையைத் திறந்துவிடுவது போலத் திறப்பார்கள். இதுதான் வளையாத விதி. ஊர்க் காவல்காரரின் விண்கலத்தைத் திருடிவிடுகிறார்கள். தடுக்கப் போன காவல்காரர் இறந்துபோகிறார். மகன் கையில் இருப்பது ஒரு குடம் தண்ணீர். அப்பாவின் கொள்ளிக்குடத்துக்காக எடுத்துவைத்தது. மறுநாள் நடுவர் வந்து திண்ணையில் உட்காருகிறார். மோர் கேட்கிறார். இல்லை. மழை பற்றிப் பேசுகிறார். அங்கே மழையே கிடையாது, ஆனாலும் கால் மணி நேரம் பேசுகிறார். பிறகு துப்புக்கூலி சொல்கிறார்: ஒரு குடம் தண்ணீர். கலம் வேண்டுமென்றால் குடத்தைக் கொடுக்க வேண்டும். குடத்தை வைத்துக்கொண்டால் அப்பாவை முறையாக அனுப்பலாம், ஆனால் அந்தக் கோளைவிட்டு வெளியேற முடியாது.

நடுவர் பேசும் ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறேன். மகனுக்கு ஒரு நகைச்சுவையும் வைக்கவில்லை. என்ன முடிவெடுக்கிறான் என்பதில்தான் சண்டை, எங்கள் ஆறு பேருக்குள் மூன்றுக்கு மூன்று.

58 கால்வாய்:

மோர் கேட்பதை இரண்டு முறை வையுங்கள். போகும்போதும் ஒரு முறை கேட்பார்கள்.

நாகமலைக்காற்று:

ஈர்ப்புவிசை நிலவைப் போல ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கொள்ளிக்குடத்தில் போடும் துளையிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அதை மேடையில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்கும்.

மேலூர் மருமகள்:

குடத்தில் நிஜத் தண்ணீர் வையுங்கள் தம்பி. வெறும் குடத்தைத் தூக்கினால் தோள் சொல்லிவிடும், முன்வரிசைக்குத் தெரியும். கேனில் மூக்குக்கு நேராக நாலு துளை போடுங்கள். அப்பத்தாவிடம் அடுத்த ஆண்டும் நாடகம் இருக்கிறது என்று சொன்னேன். "யார் சாகிறார்கள்?" என்று கேட்டார்.

ஆர்மோனியப் பெட்டி:

வாசிக்க நான் வருகிறேன். பஸ் கட்டணமும் இரண்டு தேநீரும் போதும். மகனாக நடிப்பவருக்குச் சுருதி எத்தனை கட்டை என்று சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி கொள்ளிக்குடக் காட்சிக்கு ஒரு விருத்தம் எடுத்துவைக்கிறேன்.

தெப்பக்குளத்தான்:

அவனுக்குப் பாடவே வராது ஐயா. ஐந்து கட்டையும் தெரியாது, அரைக் கட்டையும் தெரியாது.

ஆர்மோனியப் பெட்டி:

அப்படியென்றால் நல்லது. வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று நடக்கட்டும், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.